பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்பு டி-ஷர்ட், நடுவில் ஒரு முக்கோணம், அதன் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு, மறுபக்கம் வானவில். அதைப் போட்டுக்கொண்டு திரிபவர்களில் பலருக்கு அது ஓர் ஆல்பத்தின் அட்டை என்பதே தெரியாது. தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும், முதல்முறை கேட்டபோது எனக்கே வந்த கேள்விகளும் இங்கே.

இது என்ன ஆல்பம்? யார் செய்தது?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற லண்டன் ராக் இசைக்குழு 1973 மார்ச்சில் வெளியிட்டது. நான்கு பேர்: ரோஜர் வாட்டர்ஸ் பேஸ் கிடார், டேவிட் கில்மோர் கிடார், ரிச்சர்ட் ரைட் கீபோர்டு, நிக் மேசன் டிரம்ஸ். மொத்தம் பத்துத் துண்டுகள், 43 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வரிகள் முழுவதையும் வாட்டர்ஸ் ஒருவரே எழுதிய முதல் ஆல்பம் இது.

குழுவின் முந்தைய ஆல்பங்களில் நீண்டு நீண்டு போகும் வாத்திய இசை அதிகம். இதில் எல்லாம் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பாட்டு முடிந்ததே தெரியாமல் அடுத்தது வந்திருக்கும். இசைத்தட்டைத் திருப்பிப் போடுகிற இடத்தில்தான் மூச்சு விட நேரம்.

பெயரில் நிலா இருக்கிறதே, விண்வெளி பற்றியதா?

இல்லை. பலரும் தடுக்கி விழும் இடம் இது. அந்தக் குழுவுக்கு ‘விண்வெளி ராக்’ என்று ஒரு முத்திரை ஏற்கனவே குத்தியிருந்தார்கள். அதனால் வந்த குழப்பம்.

ஆங்கிலத்தில் பைத்தியத்தைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லுக்கு ‘லூனா’, அதாவது லத்தீன் மொழியின் நிலா, தான் வேர். நிலா ஏறினால் புத்தி தடுமாறும் என்ற பழைய நம்பிக்கை. நமக்கு இது சட்டென்று புரியும், தமிழில் ‘மதி’ என்றால் நிலவும்தான், அறிவும்தான். நிலாவின் இருண்ட பக்கம் என்று அவர்கள் சொல்வது மதியின் இருண்ட பக்கத்தை.

நிக் மேசன் வீட்டில் நால்வரும் கூடிப் பேசியபோது வாட்டர்ஸ் ஒரு யோசனை சொன்னார்: மனிதனைப் பித்துப் பிடிக்க வைக்கும் விஷயங்களைப் பட்டியல் போட்டு, அதையே ஆல்பமாக்கலாம். ஓடிக்கொண்டே இருக்கும் நேரம், பணம், சாவு பயம், சண்டை, ஓயாத பயணம். கடைசியில் பித்தே வந்து நிற்கிறது. வானத்தில் இருப்பது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

இடையில் ஒரு சின்னச் சிக்கல். ‘மெடிசின் ஹெட்’ என்ற வேறொரு குழு 1972-லேயே இதே பெயரில் ஓர் ஆல்பம் போட்டுவிட்டது. இவர்கள் ‘எக்லிப்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆல்பம் ஓடவில்லை என்றதும் சத்தமில்லாமல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள்.

14 வருடம் தொடர்ந்து விற்பனைப் பட்டியலில் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

‘தொடர்ந்து’ என்பதை மட்டும் அடித்துவிட்டால் உண்மை. அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் 1973 முதல் 1988 வரை 741 வாரங்கள் இருந்தது. நடுவில் சில முறை வெளியே போய்த் திரும்பி வந்திருக்கிறது. பிறகு பழைய ஆல்பங்களை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று விதி வந்தது, 2009-ல் விதி மாறியதும் இதுவும் உள்ளே வந்துவிட்டது. எல்லாம் சேர்த்தால் 950 வாரங்களைத் தாண்டிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம், 1973 ஏப்ரல் கடைசியில். சொந்த ஊரான இங்கிலாந்தில் அந்த ஆண்டு இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதல் வாரமே எல்லாரும் வாங்கித் தீர்த்துவிட்ட ஆல்பம் அல்ல. வருடாவருடம் புதிதாக யாரோ ஒருவர் கண்டுபிடித்து வாங்கிக்கொண்டே இருந்தார். உலக அளவில் சுமார் 4.5 கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்பது பரவலான மதிப்பீடு.

அமெரிக்காவில் இவ்வளவு ஓடியதற்கு யார் காரணம்?

இசைதான். ஆனால் இசை மட்டும் போதாது. அதற்கு முன்பு இந்தக் குழுவின் ஒரு ஆல்பம்கூட அமெரிக்காவின் முதல் 40-க்குள் வந்ததில்லை. அங்கே இவர்களின் ஆல்பங்களை விற்ற கேப்பிட்டல் நிறுவனம் சரியாக வேலை செய்யவில்லை என்று குழுவுக்கு எரிச்சல். வேறு நிறுவனத்தோடு ரகசியமாகப் பேச்சுவார்த்தையும் நடந்துகொண்டிருந்தது.

அப்போது கேப்பிட்டலுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருந்தவர் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் 1934-ல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், இந்தியாவில் கிராமஃபோன் கம்பெனியை நடத்திவிட்டு அமெரிக்கா போனவர். இந்த ஆல்பத்தின் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை. குழு கையை விட்டுப் போகப்போகிறது என்ற நிலையிலும் விளம்பரத்துக்குப் பணத்தை வாரி இறைத்தார். வானொலியில் போடத் தோதாகச் சில பாட்டுகளின் சுருக்கப்பட்ட வடிவங்களை அனுப்பினார். ‘மணி’ (ஆங்கிலத்தில் பணம்) பாட்டு தனி சிங்கிளாக வந்து 13-ஆம் இடம் வரை ஏறியது. அப்படியும் குழு அடுத்த ஆல்பத்துக்கு வேறு நிறுவனத்துக்குத்தான் போனது. மேனனுக்குக் கிடைத்தது இந்த ஒரு ஆல்பம், ஆனால் அது போதுமானதாக இருந்தது.

ஒரு கிளைக்கதை. மேனனின் அப்பா கே.ஆர்.கே. மேனன் இந்திய அரசின் நிதித்துறைச் செயலாளர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டில் இருப்பது அவர் கையெழுத்துதான். பணத்தைப் பற்றிய பாட்டை அமெரிக்கா முழுக்க ஒலிக்க வைத்தவரின் அப்பா பணத்தில் கையெழுத்துப் போட்டவர்! இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் ‘ரொம்ப ஓவர்’ என்று சொல்லியிருப்பேன்.

பாட்டுகளை ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதினார்களா?

இல்லை, மேடையில் வாசித்து வாசித்துச் சரி செய்தார்கள். ஆல்பம் வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டன் நகரில் முழுத் தொகுப்பையும் வாசிக்கத் தொடங்கினார்கள். ‘மணி’ வந்தபோது கருவிகள் மக்கர் செய்ய, நிறுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் போர்ட்ஸ்மவுத்தில்தான் முழுதாக முடிந்தது.

அந்தக் காலகட்டத்து வாசிப்புகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சிந்தசைசர் சத்தமாகவே ஓடும் ‘ஆன் தி ரன்’ இருக்கும் இடத்தில் அப்போது சாதாரண கிடார் வாசிப்புதான். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ இருக்கும் இடத்தில் ஆர்கன் இசையும் பைபிள் வாசிப்பும். முடிவு சரியாக அமையவில்லை என்று தோன்றி, ‘எக்லிப்ஸ்’ என்ற கடைசிப் பாட்டை வாட்டர்ஸ் நிகழ்ச்சிகள் தொடங்கிய பிறகே எழுதிச் சேர்த்தார். கூட்டத்தில் யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்து இசைத்தட்டாக்கி விற்றும் விட்டார்கள், அசல் வருவதற்கு முன்பே.

ஒலிப்பதிவு 1972 நடுவிலிருந்து 1973 தொடக்கம் வரை லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில் விட்டு விட்டு நடந்தது. நடுவில் சுற்றுப்பயணம், நடுவில் வாட்டர்ஸுக்கு ஆர்சனல் கால்பந்து.

‘மணி’ தொடக்கத்தில் வரும் காசுச் சத்தம் எந்த மென்பொருளில் செய்தது?

மென்பொருளா! கத்தரியும் ஸ்கேலும்தான்.

வாட்டர்ஸின் அப்போதைய மனைவி மண்பாண்டம் செய்பவர். அவர் மண் பிசையும் பாத்திரத்தில் காசுகளைப் போட்டுக் குலுக்கிப் பதிவு செய்தார்கள். காகிதத்தைக் கிழிக்கும் சத்தம், கடைகளில் இருக்கும் பணப்பெட்டி ‘டிங்’ என்று திறக்கும் சத்தம் என்று ஏழு சத்தங்கள். ஒவ்வொரு சத்தமும் பதிவான டேப்பை ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, முனைகளையும் சேர்த்து வளையமாக்கினார்கள். அந்த நீள வளையம் டேப் மெஷினிலிருந்து வெளியே வந்து, மைக் ஸ்டாண்டுகளைச் சுற்றிக்கொண்டு மறுபடி மெஷினுக்குள் போகும். டேப் சுற்றச் சுற்றத் தாளம். ஒரு துண்டு ஓர் அங்குலம் கூடினால் தாளம் நொண்டும்.

ஏழு சத்தம் என்பதால் பாட்டும் ஏழு எண்ணிக்கையில் போகிறது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு ஒன்றும் அந்நியமில்லை, நடை வேறாக இருந்தாலும். ஆனால் நான்கிலேயே ஊறிய ராக் ரசிகர்களுக்கு அது காலை இடறும் எண்ணிக்கை. கிடார் தனி வாசிப்பு வரும் இடத்தில் மட்டும் நாலுக்கு மாறிவிடுகிறார்கள், கில்மோருக்கு விரல் ஓட இடம் வேண்டுமே. அந்த இடத்தில் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், இறுக்கிக் கட்டிய கயிறு அவிழ்ந்த மாதிரி இருக்கும்.

‘ஆன் தி ரன்’ இன்னொரு கூத்து. ‘சிந்தி’ என்ற சிறு பெட்டி சிந்தசைசரில் எட்டு சுரங்களை மெதுவாக அடித்து வைத்து, அதை வேகமாக ஓட விட்டார்கள். அவ்வளவுதான் அதன் கரு. மேலே காலடிச் சத்தம், மூச்சிரைப்பு, விமான நிலைய அறிவிப்பு.

‘டைம்’ பாட்டில் திடீரென்று அடிக்கும் கடிகாரங்கள்?

ஹெட்ஃபோனில் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டவர்களின் சங்கம் ஒன்று தொடங்கலாம், நான் பொருளாளர்.

ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழைய கடிகாரக் கடைக்குப் போய், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார். பாட்டுக்காக அல்ல, நான்கு திசையிலிருந்தும் ஒலி வரும் குவாட்ரஃபோனிக் முறையைச் சோதித்துப் பார்க்க. இந்தப் பாட்டு உருவாகும்போது அதைக் கொண்டுவந்து காட்டினார், ஒட்டிக்கொண்டது. எல்லாம் ஒரே நொடியில் மணியடிப்பது டேப்பில் செய்த வேலை. எந்தக் கடையிலும் அது நடக்காது.

ஆனால் இந்தப் பாட்டில் கடிகாரத்தைவிடப் பெரிய அடி வரிகளில் இருக்கிறது. எழுதும்போது வாட்டர்ஸுக்கு 29 வயதை ஒட்டி. வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கும், இதெல்லாம் அதற்கான தயாரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று உறைத்ததாம். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்ததைக் கவனிக்காமல் கோட்டிலேயே நிற்பவன் என்று எழுதினார். இருபது வயதில் இதைக் கேட்டபோது எனக்குக் கிடார்தான் பிடித்திருந்தது. நாற்பதில் கேட்டால் கிடார் காதிலேயே விழுவதில்லை.

சொல்லே இல்லாமல் ஒரு பெண் கதறுகிறாரே, அவர் யார்?

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யில் பாடிய கிளேர் டோரி. அப்போது 25 வயது, பிறர் பாட்டுகளுக்குக் கூலிக்குக் குரல் கொடுப்பவர். பார்சன்ஸ் சொல்லி அழைத்திருந்தார்கள். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. ரைட்டின் பியானோ இசையைப் போட்டுக் காட்டினார்கள். வரிகள் கிடையாது, மெட்டு கிடையாது. சாவைப் பற்றியது என்று மட்டும் சொன்னார்கள். முதலில் அவர் ‘பேபி, ஓ பேபி’ என்று ஏதோ பாட, சொல் வேண்டாம் என்றார்கள். சரி, நம்மை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்து பாடினார். இரண்டு மூன்று முறைதான். எல்லை மீறிக் கத்திவிட்டோமோ என்று கூச்சத்தோடு கிளம்பிப் போய்விட்டார். ஞாயிறு என்பதால் இரட்டைச் சம்பளம், 30 பவுண்டு. பிறகு கடையில் இசைத்தட்டைப் பார்த்து, அதில் தன் பெயர் இருப்பதைக் கண்ட பின்தான் தன் குரல் ஆல்பத்தில் வந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது.

முப்பது வருடம் கழித்து, 2004-ல் வழக்குப் போட்டார்: மெட்டே கொடுக்காமல் பாடச் சொன்னார்கள் என்றால், பாடிய மெட்டு யாருடையது? நியாயமான கேள்வி. 2005-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று. அதன் பிறகு வந்த பதிப்புகளில் இசை ரைட், டோரி என்று இருவர் பெயரும் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சம் அந்த நாலே முக்கால் நிமிடம்தான். அது உச்சமானதற்கு அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம்.

நடுநடுவே யாரோ பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். யார்?

ஏபி ரோட்டில் அன்றைக்கு யார் யார் இருந்தார்களோ அவர்கள். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி அடுக்கி வைத்தார். ஒருவரை உள்ளே தனியாக உட்கார வைத்து, அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். சாவுக்குப் பயமா? கடைசியாக எப்போது யாரை அடித்தீர்கள்? உங்கள் பக்கம் நியாயம் இருந்ததா? அடித்ததை ஒப்புக்கொண்டவர் அடுத்த அட்டையைப் புரட்டும்போது மாட்டிக்கொள்வார், அதுதான் சூட்சுமம்.

பக்கத்தில் வேறு வேலையாக வந்திருந்த பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூடப் பதில் சொன்னார்கள். ஆனால் ரொம்ப ஜாக்கிரதையாக, கச்சிதமாகப் பேசியதால் அவற்றைச் சேர்க்கவில்லை. மெக்கார்ட்னியின் குரலை வேண்டாம் என்று வைத்துவிட்டு, ஸ்டூடியோவின் வாயில்காப்பாளர் ஜெரி ஓ’டிரிஸ்கால் பேசியதை எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்தின் கடைசியில் இதயத் துடிப்புக்கு மேல், நிலாவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாமே இருட்டுதான் என்று சொல்வது அவர். அந்த இதயத் துடிப்புகூட டிரம்ஸில் செய்ததுதான்.

ஆல்பம் சிட் பாரெட்டைப் பற்றியதா?

ஓரளவு. குழுவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், ஆரம்பப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர். மனநிலை சரிந்து 1968-ல் குழுவை விட்டுப் போனார். ‘பிரெய்ன் டேமேஜ்’ பாட்டில் அவர் நிழல் நிச்சயம் இருக்கிறது, நீ இருக்கும் குழு வேறு வேறு பாட்டு வாசிக்கத் தொடங்கினால் என்ற பொருளில் ஒரு வரி வரும். ஆனால் அவரைப் பற்றி இன்னும் நேராகப் பேசுவது 1975-ல் வந்த அடுத்த ஆல்பம்.

அந்த முக்கோண அட்டை எப்படி வந்தது?

ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் கூடத்தின் ஸ்டார்ம் தோர்கர்சன், ஆப்ரி பவல் இருவரின் யோசனை. வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. முந்தைய ஆல்பம் ஒன்றுக்கு ஒரு பசு மாட்டின் படத்தை மட்டும் போட்டு நிறுவனத்தை அலற விட்டவர்கள் இவர்கள். இந்த முறை ரைட், எளிமையாக, எடுப்பாக ஏதாவது வேண்டும் என்றார். இயற்பியல் புத்தகத்தில் பார்க்கிற பட்டகத்தின் படம் கைகொடுத்தது. பல வடிவங்களைக் கொண்டுபோய் வைத்ததும், நால்வரும் சில நிமிடங்களில் இதையே காட்டினார்களாம்.

உற்றுப் பார்த்தால் வானவில்லில் ஆறு நிறங்கள்தான், கருநீலம் இல்லை. முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. உள்ளே விரித்தால் அந்த நிறக் கோடுகள் நீண்டு போகும், பச்சைக் கோடு இதயத் துடிப்பு வரைபடமாக எகிறும். பின்னட்டையில் பட்டகம் தலைகீழாக. கடைக்காரர் அட்டைகளை வரிசையாக ஒட்டிவைத்தால் ஒளி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். கடை ஜன்னல் வரை யோசித்திருக்கிறார்கள்.

‘தி விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தோடு சேர்த்து ஓட்டினால் பொருந்துமாமே?

அந்த 1939 படத்தோடு ஆல்பத்தை ஒரே நேரத்தில் ஓட விட்டால் காட்சியும் இசையும் அங்கங்கே பொருந்தும் என்று 1990-களில் கிளம்பிய பேச்சு. பார்க்க ஜாலியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் திட்டமிட்டுச் செய்ததில்லை என்று சம்பந்தப்பட்டவர்கள் பலமுறை சொல்லிவிட்டார்கள். நம் மூளைக்குப் பொருத்தம் பார்க்கச் சொல்லியா தர வேண்டும், பத்துக்கு எட்டு பொருந்தினால் கல்யாணமே முடித்துவிடுகிறோம்.

இவ்வளவு பணம் வந்ததே, என்ன ஆயிற்று?

கொஞ்சம் நல்ல காரியத்துக்குப் போயிற்று: மான்டி பைத்தான் குழுவினரின் 1975 நகைச்சுவைப் படத்துக்குப் பணம் போட்டவர்களில் இவர்களும் உண்டு.

மற்றபடி, பணம் மனிதனைப் பித்தாக்கும் என்று பாடியவர்களை அது விட்டுவைக்கவில்லை. நினைத்ததெல்லாம் கிடைத்தபின் சேர்ந்திருக்கக் காரணம் தேட வேண்டியிருந்தது. ஆல்பத்தின் இறுதிக் கலவையின்போதே இரண்டு கட்சி: குரல்களும் சத்தங்களும் தெளிவாக முன்னால் நிற்க வேண்டும் என்று வாட்டர்ஸும் மேசனும், எதிரொலியோடு இசையில் கரைந்திருக்க வேண்டும் என்று கில்மோரும் ரைட்டும். நடுவர் மாதிரி இசைத் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை அழைத்து வந்தார்கள். அந்த விரிசல் பிறகு ஸ்டூடியோவைத் தாண்டிப் போயிற்று. 1979-ல் ரைட் வெளியேற்றப்பட்டார், பிறகு திரும்பினார். 1985-ல் வாட்டர்ஸ் விலகினார், பெயர் யாருக்கு என்று சண்டை. நால்வரும் 2005-ல் லண்டன் லைவ் 8 மேடையில் ஒரே ஒரு முறை சேர்ந்து வாசித்தார்கள். ரைட் 2008-ல் இறந்தார். 2024-ல் குழுவின் ஒலிப்பதிவு உரிமைகளை சோனி வாங்கியது, சுமார் 40 கோடி டாலர் என்று செய்தி வந்தது.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

கையில் எது கிடைக்கிறதோ அது. 2003-ல் ஜேம்ஸ் கத்ரி செய்த, சுற்றிலுமிருந்து ஒலி வரும் 5.1 வடிவம் இருக்கிறது, 2023-ல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் வித்தியாசம் தெரியும். அதே 2023-ல் எண்பது வயது வாட்டர்ஸ் தனியாக மறுபடி பாடிய ‘ரீடக்ஸ்’ வடிவமும் உண்டு. கிடார் தனி வாசிப்புகளை எடுத்துவிட்டுத் தாத்தா கதை சொல்வதுபோல் முணுமுணுத்திருப்பார். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

செயலியில் கேட்பதானால் இரண்டு விஷயம். ஷஃபிளை நிறுத்துங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விடாத வசதி இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடமும் அறுந்து அறுந்து கேட்கும். அப்புறம், முதல் ஒரு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். மூன்றாவது துண்டு முடிந்ததும் கடிகாரங்கள் காத்திருக்கின்றன.